அம்மாவின் நாடி

ஜூலை 8
கச்சான் காற்றில் முற்றமெல்லாம் சருகு. கூட்டிவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்த அம்மாவின் கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. கையைப் பிடித்து, பெருவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். (பெருவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு இருக்கிறது.) அரை நிமிடத்தில் 57. அப்படியென்றால் 114. "கூட்டின களைப்பு மனே" என்றார். கால் மணித்தியாலம் கழித்தும் 108.

ஜூலை 9
பாயிலிருந்து எழும்ப முன்னமே எண்ணினேன், 104. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, தேத்தண்ணியும் இன்னும் குடிக்கவில்லை. துருவிக் கேட்டபிறகுதான், படி ஏறினால் இரண்டு மாதமாக நெஞ்சு படபடக்கிறது என்றார். இரண்டு மாதம்! ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை.

ஜூலை 11
பெரியாஸ்பத்திரி. நான் குறித்துவைத்த கணக்கை டொக்டர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஈ.சி.ஜி.யில் துடிப்பு வேகம்தான், ஆனால் ஒழுங்காக இருக்கிறது. அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளிறிக் கிடந்தது. தைரொயிட்டுக்கும் சேர்த்து இரத்தம் எடுத்தார்கள். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார். மாதவிலக்கில் பல மாதமாக அதிக இரத்தம் போவதை மகனிடம் எப்படிச் சொல்வார்?

ஜூலை 12
தைரொயிட் சரி. ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை. ஒட்சிசனைச் சுமக்க இரத்தம் போதாததால் இதயம் ஓடி ஓடி ஈடுகட்டுகிறது. பாவம், அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். தேத்தண்ணியோடு போடக் கூடாது. இரத்தம் போகும் காரணத்தைப் பார்க்க ஸ்கேனுக்கும் துண்டு தந்தார்கள்.

டொக்டர் அழுத்திச் சொன்னது: நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டல், மயக்கம், இதில் எது வந்தாலும் நாடி எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டும். திடீரென்று துடிப்பு எகிறி அடங்காவிட்டாலும் அப்படித்தான். மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரவேண்டாம் என்றார். அந்த நம்பரைக் குசினிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6
காலையில் 90. எண்ணும்போது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் வியாழக்கிழமை. மச்சாள் கூடப் போகிறாள், என்னை வெளியில் நிற்கட்டாம்.