மாசிக்காய் மையும் மூன்று பாழான தாள்களும்

மூன்று தாள் குப்பைக்குப் போயின. நான்காவதில்தான் அலங்காரச் சுருளின் அடியில் நிழலுக்காகப் போட்ட வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, மைக் கோட்டைக் கரைக்காமல் நின்றது. இரவு பதினொன்றரைக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். நல்ல வார்த்தை ஒன்றும் கிடைக்கவில்லை.

வரைய எடுத்துக்கொண்டது வாசலுக்கு மேலே வைக்கும் ஒரு கார்ட்டூஷ்: சுருள் விளிம்புள்ள அலங்காரச் சட்டம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் பாணியில். அந்தக் கால முன்வரைவுகளில் நடுக்கோட்டுக்கு இடப்புறம் ஒரு வடிவமும் வலப்புறம் வேறொன்றும் இருப்பது உண்டு. பணம் போடுகிறவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தான். நானும் இடப்புறம் அகாந்தஸ் இலை, வலப்புறம் சிப்பி என்று பிரித்துக்கொண்டேன். தாளும் மிச்சம்.

தொல்லையெல்லாம் மையில்தான். நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் வாங்கி, கருவேலம் பிசின் சேர்த்து நானே தயாரித்தது. போடும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுக்கும். கறுத்ததுமே காய்ந்துவிட்டது என்று நம்பித் தூரிகையை வைத்தேன். மூன்று தாளும் போனது அப்படித்தான். இப்போது ஒரு முழு நாள் தொடுவதே இல்லை. இந்த மை இரும்பு நிப்பையும் அரித்துவிட்டது, அதனால் வாத்து இறகுக்கு மாறியாயிற்று. பழுப்பு மை தேடி அலைபவர்களுக்கு ஒன்று: பழைய வரைவுகளில் இன்று பழுப்பாகத் தெரியும் கோடுகளில் பல, வரைந்த காலத்தில் கறுப்பாக இருந்தவை.

வாஷுக்கு, விறகுப் புகைக்கரியிலிருந்து எடுக்கும் பிஸ்டர் என்ற பழுப்பு வண்ணத்தைக் காய்ச்சப் பொறுமையில்லை, கடையில் கிடைக்கும் செபியா பழுப்புதான். வெளிச்சம் இடது மேலிருந்து 45 பாகையில் விழுவதாக வைத்துக்கொண்டால், நிழல் எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு சுருள் துருத்துகிறது. வரைவில் 6 மில்லிமீட்டர் என்றால், அதைப் பார்த்துக் களிமண்ணில் அதே அளவில் செய்யும்போதும் 6 மில்லிமீட்டர். விழும் நிழலின் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும். வளைவின் நிழலை மட்டும் ஈரத் தூரிகையால் இழுத்து மங்கச் செய்ய வேண்டும். இதற்கு இரண்டு தூரிகை வேண்டும், இரண்டும் ஒரே கையில். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பதற்குள் விளிம்பு உறைந்துவிடுகிறது.

அடுத்தது போரோமினி, பரோக் காலத்து ரோமின் கட்டடக் கலைஞர். அவர் கிராஃபைட்டை, அதாவது பென்சில் கரியை, அதிகம் நம்பியவர். ரோம் புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி பெர்னினி எழுப்பிய பால்டக்கினோ என்ற பலிபீட விதானத்துக்காக (1624–33) அவர் வரைந்தவை வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிராஃபைட் என்றால் கரையும் பயம் இல்லை, அந்த ஆசைதான் முதல் காரணம். களிமண்கூட வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தாயிற்று.

வலப்புறச் சிப்பி இன்னும் பென்சில் கோடாகவே கிடக்கிறது.