பிரேக் பிடித்து நிற்கும் பிக்கப்பும் என் செயல்முறைத் தேர்வும்

நாகர்கோவிலில் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். இரண்டு வருடப் படிப்பின் கடைசிச் செயல்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு பழைய பிக்கப். முன் இடது சக்கரம் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது, காரணம் கண்டுபிடி என்றார்கள். அடுத்து இந்தத் தேர்வுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

இதே கோளாறில் நான் அதற்கு முன்பு ஒருமுறை தவறியிருக்கிறேன். விடுமுறையில் குளச்சல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகியபோது மீன் ஏற்றும் பிக்கப் ஒன்று வந்தது. முன் சக்கரம் சுடுகிறது என்றதும் காலிப்பரை (பிஸ்டனால் பேடைத் தள்ளி டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) பிரித்து, பிஸ்டனைத் துடைத்து, புது ரப்பர் சீல் கிட் போட்டு அனுப்பினேன். மறுநாள் தக்கலை போவதற்குள் சக்கரம் புகைந்து வண்டி திரும்பி வந்துவிட்டது. கோளாறு காலிப்பருக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் இருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்சுவர் உப்பி வழி அடைபட்டிருந்தது. பெடலை மிதிக்கும்போது கால் கொடுக்கும் அழுத்தத்தில் ஆயில் எப்படியும் உள்ளே போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர அந்த வேகம் கிடையாது, அங்கேயே நின்றுவிடும்.

ஆசான் என்னைத் திட்டவில்லை. "மக்கா, ஒண்ணையும் கழட்டாத. பிரஷர் எங்க நிக்குதுன்னு முதல்ல பாரு" என்று மட்டும் சொன்னார்.

அவர் காட்டிய முறை இது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் இறக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பெடலை மிதித்து விட்டுவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லையா? காலிப்பரில் ஏர் எடுக்கிற நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து, இந்தத் தடவை இரும்புக் குழாய் ஹோஸோடு சேருகிற நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் தடை மேலே, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் பாகம்) பக்கம். விடவில்லை என்றால் ஹோஸ்தான்.

நான்கு சக்கரமும் பிடித்தால் மேலே இருந்தே தொடங்கலாம். பெடலுக்குக் கொஞ்சம்கூட ஃப்ரீ ப்ளே (வேலை தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இல்லாவிட்டால் புஷ் ராடு மாஸ்டர் பிஸ்டனை லேசாகத் தள்ளியபடியே இருக்கும்; ஆயில் டேங்குக்குத் திரும்புகிற சிறிய துளை திறக்காது. மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரிலிருந்து மாஸ்டரைச் சில மில்லிமீட்டர் தளர்த்தியதும் சக்கரங்கள் விட்டால் அதுதான் காரணம். யாராவது பிரேக் டேங்கில் தவறிப்போய் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தாலும் ரப்பர்கள் உப்பி இதே நிலை வரும். டேங்கிலிருந்து சில சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், எஞ்சின் ஆயில் மிதக்கும்.

பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து பிடிப்பது நம் மாவட்டத்து மீன் வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது. சின்னமுட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை ஓடுகிற வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்பக்கமாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் திரும்பாது. டிரம்முக்குள் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் அரித்துப்போயிருக்கும். பல பிக்கப்புகளில் சேஸிஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரே ஹோஸ்தான் வரும். அது அடைபட்டாலும் இரண்டு சக்கரமும் பிடிக்கும். ஆகவே முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் ஹோஸ்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். குளச்சல் நினைவில் ஹோஸாகத்தான் இருக்கும் என்று மனது சொன்னது. ஆனாலும் நிப்பிளைத் திறந்து பார்த்தேன். இரண்டு சொட்டுதான் வந்தது, சக்கரம் விடவில்லை. அப்படியென்றால் அழுத்தம் இல்லை, இரும்புதான் எங்கோ இறுகியிருக்கிறது. காலிப்பரைக் கழற்றினேன், பிஸ்டன் எளிதாக உள்ளே போனது. காலிப்பர் நகர வேண்டிய பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன, உள்பக்க பேட் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பின்களைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதா கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும்.

வேலை நடக்கும்போதே தேர்வாளர் கேட்டார்: "டிஸ்க் பிரேக்கில் ரிட்டர்ன் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது?" சதுர வெட்டுள்ள ரப்பர் சீல், மிதிக்கும்போது வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கொஞ்சம் இழுத்து வரும் என்றேன். இந்தக் கேள்வியைக் கட்டாயம் படித்துப் போங்கள்.

நிப்பிளைத் திறந்ததால் ஏர் எடுத்து, டேங்கில் அளவு பார்த்து, மூன்று முறை மிதித்து விட்டேன். தேர்வாளர் குனிந்து, சக்கரத்தைத் தன் கையாலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு, அடுத்த பையனைக் கூப்பிட்டார்.