முதல் வரிசையில் ஒரு காலி நாற்காலி

ஒரு இசை நிகழ்ச்சி, ஐம்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அறையில். நான் போனபோது முதல் வரிசையில் மட்டும் ஒரு நாற்காலி காலி. அட, நம் அதிர்ஷ்டம் என்று போய் உட்கார்ந்தேன். அது ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்திருக்கலாம்.

எதிரே நாலடியில் கிடார் ஆம்ப், அதாவது கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, தரையோடு தரையாக. அதன் ஸ்பீக்கர் வாசிப்பவரின் கெண்டைக்காலைப் பார்த்திருந்தது. கூர்மையான சத்தம் பெரும்பாலும் நேராகத்தான் போகும். கெண்டைக்காலுக்குக் காது இல்லை. தனக்குச் சரியாகக் கேட்கவில்லையென்று அவர் கூட்டிக்கொண்டே போனார். கூட்டியதெல்லாம் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து என் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

பக்கத்திலேயே டிரம்ஸ். அதற்குத் திருகிக் குறைக்கக் குமிழ் கிடையாது. சின்ன அறையில் மற்ற எல்லாவற்றையும் அதன் உயரத்துக்கு ஏற்ற வேண்டியதுதான். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) அமைப்பு தொழிலாளர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். என் கைபேசிச் செயலி 100ஐத் தொட்டுத் தொட்டு வந்தது. அது துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் என் காது மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டில் பக்கத்து இருக்கைக்காரர் (இப்படி எத்தனை பேரைப் பார்த்தாரோ) காதில் செருகும் பஞ்சு ஒரு ஜோடி நீட்டினார். செருகியதும் சொர்க்கம். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் மங்கி, பேஸ் கிடாரின் அடித்தொனி மட்டும் பக்கத்து அறையில் யாரோ நடப்பது போலக் கேட்டது. பேச்சு? சுத்தமாகப் புரியவில்லை.

சின்ன அறையில் இன்னொரு சங்கடம், பாடுகிறவரும் நம்மைப் பார்க்கிறார். பாட்டு முடிந்ததும் பாடகி என் கண்ணைப் பார்த்து ஏதோ சொன்னார். மரியாதைக்குப் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி வைத்தேன். அறையே கைதட்டியது. அடுத்த நொடி மைக் என் கையில்.

"யாராவது வந்து பாடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

பயத்தில் மைக்கின் தலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கும் அதன் குணம் கெட்டுப்போய், சுற்றியுள்ளதையெல்லாம் வாங்க ஆரம்பித்துவிடும். மைக் வாங்கியதை ஸ்பீக்கர் பெரிதாக்க, அதையே மைக் மறுபடி வாங்க... நாய்கூட இப்படி ஊளையிடாது. ஒலி பார்ப்பவர் பின்னாலிருந்து கையைப் பலமாக ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் போல என்று நானும் ஆட்டினேன், இன்னொரு கையால் மைக்கை இன்னும் இறுக்கியபடி.

காதை அடைத்துக்கொண்டு பாடினால் நம் குரல் மட்டும் மண்டைக்குள் பூதாகரமாகக் கேட்கும். ஆகவே அந்த இரண்டு வரியை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

திரும்பி வந்தால் என் நாற்காலியில் புதிதாக வந்த ஒருவர். பேசாமல், ஒலி பார்ப்பவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகைப் பக்கம் போய் நின்றேன். அங்கே எல்லாம் அழகாகக் கேட்டது. ஒலி பார்ப்பவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தானே சரிசெய்கிறார். முன்வரிசை ஆளிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், பாடகி அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார்.

மனிதர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.