டிஃப் மூக்கைக் கட்டிப்போட்ட வேலை: பழைய 320டி, இதுவரை நடந்தது

டிஃப் என்றால் டிஃபரென்ஷியல்: எஞ்சினின் முறுக்கைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி. அதன் முன்முனைதான் மூக்கு. வண்டி பிஎம்டபிள்யூ 320டி, இ90 மாடல். 177 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு) கொண்ட ரகம். வாங்கிய கொஞ்ச நாளில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவைத் திருத்தி டார்க்கை நானூறுக்கு மேல் ஏற்றியாயிற்று. பின்னால் நல்ல பிடிப்புள்ள டயர் போட்டாயிற்று. அதற்கப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது.

நின்ற இடத்திலிருந்து முழுதாக மிதித்தால் பின்சீட்டுக்கு அடியில் ‘டொக்’ என்று ஓர் அடி. ரோடு சொரசொரப்பாக இருந்து டயர் பாதி பிடித்துப் பாதி வழுக்கினால் பின்பக்கம் முழுவதும் தடதடவென்று துள்ளும். அந்த ‘டொக்’கை விட்டுவிடலாம். துள்ளலை விடக் கூடாது. டயர் வழுக்கும்போது ஆக்சில் முறுக்குத் தளர்கிறது, மறுபடி பிடிக்கும்போது மொத்தமும் ஒரே அடியாக வந்து இறங்குகிறது. நொடிக்குள் இது பலமுறை நடக்கும். ஆக்சில் ஷாஃப்ட், அதன் முனையிலுள்ள சிவி ஜாயிண்ட் மூட்டு, டிஃப்புக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல், டிஃப் கூட்டை போல்ட் போட்டு மாட்டும் காது என்று எது இளைத்ததோ அது முதலில் போகும். சீராக வரும் பெரிய டார்க்கைத் தாங்கும் பாகம் கூட இந்த மாதிரி அடியில் விரிசல் விட்டுவிடும்.

ரிங் ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் வண்டியைத் தூக்கி, நெம்புகோலை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினார்.

“கிரவுன்ல ஒண்ணும் இல்ல தம்பி, பல்லு நல்லாத்தான் இருக்கு. கூடுதான் ஆடுது.”

“எவ்வளவு ஆடுதுன்னு அளக்க முடியுமாண்ணே?”

“கண்ணால பாத்தாலே தெரியுது. அளந்து என்ன செய்யப் போறீங்க?”

எனக்கு அளக்காமல் காசு செலவழிக்க மனசு வராது. ஒரு ஆயில் டின்னை வெட்டித் தகடாக்கி, அதன்மேல் கறுப்பு மார்க்கர் மையை அடர்த்தியாகப் பூசி, டிஃப் மாட்டியிருக்கும் பின்பக்க இரும்புச் சட்டமான சப்ஃப்ரேமில் கிளிப் போட்டு நிறுத்தினேன். டிஃப் மூக்கில் ஹோஸ் கிளாம்ப் மாட்டி, அதில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்துச் செருகி, அதன் முனை தகட்டை லேசாகத் தொடும்படி வைத்தேன். மூக்கு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு நீளத்துக்குக் கம்பி கோடு கிழிக்கும். தெரிந்தவர் ஒருவரின் லேஅவுட், வீடு எதுவும் எழும்பாத உள்ரோடு. அங்கே போய் இரண்டு மிதி. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் மேல்நோக்கி 13 மில்லிமீட்டர் கோடு. காலை எடுக்கும்போது கீழ்நோக்கி 4.

13 மில்லிமீட்டர் சின்ன விஷயமில்லை. சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே முறுக்கு, டிஃப் கூட்டைப் பின்னோக்கிப் புரட்டப் பார்க்கிறது. அதனால் மூக்கு மேலே எழும்புகிறது. அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எஞ்சின் 400, முதல் கியர் 4.17, டிஃப் பல்விகிதம் மூன்று என்று வைத்துக்கொண்டால் ஐயாயிரம் நியூட்டன் மீட்டர் வருகிறது. ஆனால் அவ்வளவும் டிஃப்புக்கு வராது, டயர் விடாது. பின் ஆக்சில் மேல் சுமார் 850 கிலோ, டயரின் பிடிப்பு 0.9, ஆரம் 31 சென்டிமீட்டர் என்று எடுத்தால் டயர் தாங்குவது 2,300 சொச்சம்தான். அதற்கு மேல் போனால் வழுக்கிவிடும். டிஃப்பை சப்ஃப்ரேமில் பிடித்திருக்கும் ரப்பர் உருளைகள்தான் புஷ். மூக்கு புஷ்ஷிலிருந்து பின் புஷ் வரை ஓரடிக்குச் சற்றுக் கூடுதல். வகுத்துப் பார்த்தால் மூக்கைத் தூக்கும் விசை ஏறத்தாழ 700 கிலோ.

ஆக டிஃப்புக்கு எவ்வளவு பாரம் வரும் என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, டயர். ஈசியூவைத் திருத்தி ரீமேப் போட்டவர்கள், டிஃப் ஆடாமல் பிடித்துவைக்கும் பிரேஸ் பற்றி “எனக்கு இத்தனை குதிரை, எந்த பிரேஸ் வாங்கலாம்” என்று கேட்கிறார்கள். என்ன டயர், எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. தேய்ந்த டயரில் 250 குதிரை ஓட்டுபவரின் டிஃப், புது சாஃப்ட் டயரில் 180 ஓட்டுபவரின் டிஃப்பை விட நிம்மதியாக இருக்கும்.

பிரேஸ் தேடும் முன் புஷ்ஷை மாற்றினேன். பழைய ரப்பர் ஓரங்களில் பிய்ந்து, கையால் தள்ளினாலே மூக்கு அசைந்தது. இந்த நிலையில் பிரேஸ் போட்டால் புஷ் தாங்க வேண்டிய பாரமும் பிரேஸுக்கே போய்விடும். புது ரப்பர் புஷ், அதன் இடைவெளிகளில் ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 80 உள்ள, ரப்பர் போன்ற யூரித்தேன் செருகல். முழு அலுமினிய புஷ் போடச் சொன்னவர்களும் உண்டு. டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் சரி, குடும்பத்தோடு கொடைக்கானல் போகும் வண்டிக்கு வேண்டாம். இதிலேயே கோடு 13-லிருந்து 5-க்கு இறங்கியது. துள்ளல் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம்தான் பிரேஸ். கடைகளின் படங்களில் தகட்டின் தடிமனும் வண்ணப் பூச்சும்தான் பெரிதாகத் தெரிகின்றன. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: மறுமுனை எதில் போய் முட்டுகிறது? ஒரு வகை, டிஃப்பிலிருந்து நேராக பாடியின் தரைத்தகட்டுக்குப் போகும் கம்பி. அதை உடனே ஒதுக்கினேன். முந்தைய தலைமுறை இ46-இல் சப்ஃப்ரேம் மாட்டும் இடங்களில் தரைத்தகடு கிழிவது உலகறிந்த சங்கதி, அமெரிக்காவில் கோர்ட் வரை போனது. மெல்லிய தகட்டில் 700 கிலோவைக் கொண்டுபோய் இறக்க நான் தயாரில்லை. போதாக்குறைக்கு, சப்ஃப்ரேம் ரப்பரில் மிதக்கிறது, பாடி மிதப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் டிஃப்தான் நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடும்.

இன்னொரு வகை, மூக்கின்மேல் சேணம் மாதிரி உட்கார்ந்து இரு பக்கமும் சப்ஃப்ரேம் குறுக்குச் சட்டத்திலேயே போல்ட் ஆவது. மூக்கு மேலே தள்ளும், அதைத் தாங்கும் பின் புஷ்ஷும் அதே சப்ஃப்ரேமில்தான் இருக்கிறது. விசை அந்த ஒரே இரும்புக்குள் சுற்றி முடிந்துவிடும், வெளியே போகாது. இதைத்தான் எடுத்தேன்.

உண்மையில் இந்தப் பிரச்சினைக்கு அழகான விடை கார் கம்பெனிகளிடமே இருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் 1989-லிருந்தே கியர்பாக்ஸின் வாலையும் டிஃப்பையும் ஒரு நீண்ட சட்டம் இணைக்கிறது. நெம்பும் கை ஓரடிக்குப் பதில் பல அடி நீளமாவதால், தாங்க வேண்டிய விசை அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 1997-இல் வந்த கார்வெட் சி5-இல் கியர்பாக்ஸும் டிஃப்பும் சேர்ந்து பின்னால் இருக்க, எஞ்சினிலிருந்து அதுவரை டார்க் டியூப் என்ற கெட்டிக் குழாய் சேர்த்துப் பிடிக்கிறது. நேர்மாறான உதாரணம் 2004-07 கேடிலாக் சிடிஎஸ்-வி: 400 குதிரை, துள்ளலுக்கும் டிஃப் உடைவதற்கும் பேர்போனது. 2009-இல் வந்த அடுத்த தலைமுறையில் இடது வலது ஆக்சில் ஷாஃப்டுகளை வெவ்வேறு தடிமனில் போட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் முறுகித் திரும்புவதால் துள்ளல் ஒன்று சேர்ந்து வளராது. இவையெல்லாம் டிசைனிலேயே வர வேண்டியவை, நமக்குக் கிடைத்தது சேணம்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலைக்கு மேல் கப்பல் செலவும் வரியும் சேருகிறது. அளவெடுத்து, அட்டையில் வெட்டிப் பார்த்து, கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் 6 மில்லிமீட்டர் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் செய்யக் கொடுத்தேன். வண்டியில் எங்கும் வெல்டிங் இல்லை. சப்ஃப்ரேமில் வெல்டு வைத்தால் பக்கத்து ரப்பர் வெந்துபோகும், சட்டமும் கோணும். எல்லாம் எம்12 போல்ட், 10.9 கிரேடு, நைலாக் நட்டு.

பட்டறைக்காரர் துளையைக் கச்சிதமாகப் போட்டிருந்தார். மாட்டியபோது மூக்குக்கும் சேணத்துக்கும் நடுவே உள்ள யூரித்தேன் பட்டை இறுக்கமாக நசுங்கியது. “டைட்டா இருந்தா நல்லதுதானே சார்?” என்றார். இல்லை. நிற்கும் வண்டியில் சேணம் மூக்கை அழுத்தக் கூடாது. அழுத்தினால் கூட்டின் காது எந்நேரமும் பாரத்தில் இருக்கும், மேலே ஓர் அடி விழுந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். பட்டையைத் தேய்த்துக் குறைத்து, காகிதம் ஒன்று இழுத்தால் லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும் அளவுக்கு வைத்தோம். ஒரு மூலையை வெட்டவும் வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் ஆயில் ஊற்றும் பிளக்கில் சாவி நுழையாது. கீழே எதுவும் தொங்கவில்லை. நம் கிராமத்து வேகத்தடைகளை நினைத்து அதை முதலிலேயே கவனித்துக்கொண்டேன்.

மறுபடி தகடு, மறுபடி கம்பி. கோடு 2 மில்லிமீட்டருக்குள். ‘டொக்’ இல்லை. அதே ரோட்டில் டயர் வழுக்கினால் ஒரே சீராக வழுக்குகிறது.

இலவசமாக எதுவும் வராது. எண்பதை ஒட்டிய வேகத்தில் மெல்லிய ‘ஊ’ என்ற ஓசை உள்ளே கேட்கிறது. மேலூர் வரை பின்சீட்டில் வந்த மாமா, “என்ன மாப்ள, வண்டி சுருதி பிடிக்குது?” என்றார். டிஃப் பல் எழுப்பும் ஓசைதான், முன்பு ரப்பர் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. பாட்டுப் போட்டால் தெரியாது. என் வீட்டம்மாவுக்குத் தெரிகிறது.

தினமும் ஆபீஸ் போக மட்டும் ஓட்டுபவருக்கு இந்த பிரேஸ் தேவையில்லை. நல்ல ரப்பர் புஷ்ஷும் தேயாத ஷாக் அப்சார்பரும் போதும். நான் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட ஆசைப்படுவதால் போட்டேன்.

போல்ட் தலைகளில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறேன், தளர்ந்தால் கோடு விலகும். இதுவரை விலகவில்லை. டிஃப் ஆயிலை வடித்துப் பார்த்ததில் காந்தத்தில் கறுப்பு மாவு மட்டுமே, செதில் ஒன்றும் இல்லை. அடுத்து பின்பக்க சப்ஃப்ரேமின் சொந்த புஷ்ஷுகள். டிஃப் ஆடுவதை நிறுத்தியதும் அவற்றின் ஆட்டம் தெரிகிறது. தகடும் கம்பியும் எடுத்து வைத்திருக்கிறேன், அளந்துவிட்டு எழுதுகிறேன்.