நுவரெலியாவின் வெள்ளைக்கண்ணிகள்

குளிர்காலத்தில் நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவுக்கு வரும் பறவை ஆர்வலர்களில் பலருக்குக் கண்ணெல்லாம் காஷ்மீர் ஈப்பிடிப்பான் மீதுதான். இமயமலைப் பக்கத்திலிருந்து வலசை வரும் அந்த விருந்தாளிக்காகப் பெரிய லென்ஸ்களோடு புதரோரம் தவம் கிடக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே, இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத ஒரு பறவைக் கூட்டம் கிளைக்குக் கிளை தாவுகிறது. அதைச் சீந்துவார் இல்லை. நான் தேடிப் போனது அதைத்தான்: இலங்கை வெள்ளைக்கண்ணி.

கண்டியில் ரயில் ஏறி, நானு ஓயாவில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஊர் ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது.

வெள்ளைக்கண்ணியைப் பார்ப்பதைவிடக் கேட்பது சுலபம். கூட்டம் நகர நகர, ஒன்றையொன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் வந்த மரத்தடியில் பேசாமல் நின்றேன். கைக்கெட்டும் உயரத்தில் ஒன்று வந்து, சிவப்புப் பூங்கொத்தில் தலைகீழாகத் தொங்கியது. கண்ணைச் சுற்றி, சுண்ணாம்பால் வரைந்தாற்போல் நுண்ணிய வெள்ளை இறகுகளின் வளையம். நெற்றியில் மகரந்தத் தூள். அதன் நாக்கின் நுனி தூரிகை போலப் பிரிந்திருப்பதால் தேனை உறிஞ்சுவது எளிது. பூவை முடித்த கையோடு இலையடிப் பூச்சி ஒன்றையும் விழுங்கிவிட்டுப் பறந்தது.

இலங்கையின் தாழ்நிலங்களிலும் தமிழ்நாட்டிலும் காணப்படும் இன்னொரு வெள்ளைக்கண்ணி பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சை. மலையில் இருப்பதோ மங்கிய, அடர்ந்த பச்சை. உடலும் அலகும் சற்றே பெரியவை. பார்த்தால் உடன்பிறப்புகள் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் 2017இல் வெளியான மரபணு ஆய்வு இரண்டும் நெருங்கிய உறவு இல்லை என்றது. தனித்தனியாக, வெவ்வேறு காலங்களில் தீவுக்கு வந்து சேர்ந்தவை. மலைப்பறவையின் கால்வழி மிகப் பழையது. ஒரு சின்னத் தீவில் இப்படி இரண்டு குடியேற்றங்கள் நடந்திருப்பது, ஈப்பிடிப்பானின் நெடும்பயணத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பேன்.

நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அடையாளக் குழப்பத்துக்கு இடமில்லை. அந்த உயரம் மலைப்பறவையின் ராஜ்யம். நடு உயரங்களுக்கு இறங்கினால் இரண்டும் எதிர்ப்படலாம். அங்கே கண் வளையத்தை நம்பிப் பயனில்லை, அது இரண்டுக்கும் உண்டு. முதுகின் நிறத்தைப் பாருங்கள்; அதுவும் நிழலில் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில்.