மாரிகாலத்துக்கு முன்

இது அம்மாவின் பொருத்தனை. 2011இல் என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து 41 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அந்த 41 இரவும் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், பிள்ளை தீமோத்தேயு என்று மூன்று தலைமுறை வரிசையாக வருகிற நிருபம் அல்லவா? பிள்ளை பிழைத்தால் மூவருமாக ரோமாபுரிக்குப் போய், பவுல் அப்போஸ்தலனின் கல்லறைக்கு முன்னால் அந்த நிருபத்தை முழுசாக வாசித்து ஸ்தோத்திரம் செலுத்துவோம் என்று பொருத்தனை பண்ணினார்கள்.

பிள்ளை பிழைத்தாள். நாங்கள் போகவில்லை.

வீட்டுக்கடன், லீவு கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. நடுவில் இரண்டு தடவை நாங்கள் மட்டும் விடுமுறைக்கு வெளியூர் போய்வந்தோம், அதற்கு மட்டும் லீவும் காசும் கிடைத்தன. அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "கர்த்தர் நேரம் குறிப்பார்" என்பார்கள். 2023இல் அம்மா கர்த்தரிடம் போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. 2025 அக்டோபரில், பதினான்கு வயது மகளையும் அம்மாவின் வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு யாத்திரைக் குழுவோடு கிளம்பினேன். அந்த வேதாகமத்தை அடக்க ஆராதனைக்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. ஜிப் வைத்த அந்த உறையைத் தொட்டாலே கை நடுங்கும்.

கத்தோலிக்கர் இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருதரம் கொண்டாடுகிற யூபிலி ஆண்டு வேறு. ரோமாபுரி தாங்காத கூட்டம். கொலோசியம் பக்கம் இறங்கினால் போதும், வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறோம் என்று டிக்கெட்டை நீட்டிக்கொண்டு ஆட்கள் கூடவே வருகிறார்கள். ஒருவர் சிரித்தபடியே மகளின் மணிக்கட்டில் கயிறைக் கட்டிவிட்டு, அடுத்த நொடி காசு கேட்டுக் குரலை உயர்த்தினார். அவள் பயந்து என் பின்னால் ஒண்டிக்கொண்டாள். "கடைசி நாட்களில் மனுஷர் எப்படி இருப்பார்கள் என்று பவுல் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது பார்" என்றேன் அவளிடம்.

மாமர்த்தீன் சிறை பக்கத்திலேயே இருக்கிறது. பேதுருவும் பவுலும் அங்கேதான் கட்டப்பட்டிருந்தார்கள் என்பது பாரம்பரியம். மேலே ஓர் அறை, அதற்குக் கீழே இன்னொன்று. இப்போது படி இருக்கிறது. அந்தக் காலத்தில் தரையில் உள்ள ஓட்டை வழியாகத்தான் கைதியைக் கீழே இறக்குவார்களாம். கீழறையில் தலையில் இடிக்கிற மாதிரி கற்கூரை, ஈரம், கல் வாசனை. அக்டோபர் வெயிலிலிருந்து இறங்கிய எனக்கே இரண்டு நிமிஷத்தில் உடம்பு சில்லிட்டது. துரோவாவில் கார்ப்பிடம் வைத்துவிட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவா என்று பவுல் ஏன் கேட்டார் என்பது அங்கே நின்றால்தான் விளங்குகிறது. கூட ஊழியம் செய்த தேமா விட்டுப் போய்விட்டான். முதல்விசை நியாயம் சொல்ல நின்றபோது கூட ஒருவரும் இல்லை. லூக்கா மாத்திரம் இருக்கிறான். அப்படிப்பட்ட நிலையில் இருந்த மனுஷன்தான், "கடைசிநாட்களில் கொடிய காலங்கள் வருமென்று அறிவாயாக" என்று எழுதி, அப்போது மனுஷர் தற்பிரியராயும் பணப்பிரியராயும் இருப்பார்கள் என்று தொடங்கி ஒரு பட்டியலே போட்டார். அந்தக் "கொடிய" என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பதும், கல்லறைகளிலிருந்து இயேசுவுக்கு எதிராக வந்த அந்தப் பிசாசு பிடித்த இரண்டு பேரை மத்தேயு வர்ணிக்கிற சொல்லும் ஒன்றேதான். அந்த வழியாக யாரும் நடக்க முடியாத அளவுக்குக் கொடியவர்கள் அவர்கள்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மதிலுக்கு வெளியே இருக்கிற பவுல் ஆலயத்தில் இரண்டு மணிநேரம் தருவதாகத்தான் குழுவை நடத்துகிறவர் சொல்லியிருந்தார். அன்று மதியம் எங்களை ஒரு தோல்பைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒன்றரை மணிநேரம் உட்கார வைத்தார். ஆலய வாசலில் இறக்கும்போது, "நாற்பது நிமிஷம், அதற்குள் வந்துவிடுங்கள்" என்றார். பதினான்கு வருஷம் காத்திருந்த பொருத்தனைக்கு நாற்பது நிமிஷம்! "பணப்பிரியர்" என்று வாய்விட்டே சொன்னேன். மகளுக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே போனால் மனுஷர் எறும்பாகிவிடுகிற உயரம். ரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் காலத்தில் எழும்பி, 1823 தீயில் எரிந்து, திரும்பக் கட்டி 1854இல் பிரதிஷ்டை ஆன ஆலயம். எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை, நேரே பலிபீடத்துக்குக் கீழே நடந்தேன். கம்பிக்குப் பின்னால் வெளிச்சத்தில் கரடுமுரடான ஒரு வெள்ளைக் கல் தெரிகிறது. அதுதான் கல்லறைப் பெட்டியின் ஒரு பக்கம். அதற்கு மேலே கண்ணாடிக்குள் ஒரு சங்கிலி, பவுலைக் கட்டிய விலங்கு என்று காலங்காலமாகக் காத்துவைத்திருக்கிறார்கள். "என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவுமில்லை" என்று, ரோமாபுரியில் தன்னைத் தேடிவந்த ஒநேசிப்போருவைப் பற்றி எழுதினாரே, அந்த விலங்கு!

முழங்காலில் நிற்கலாம் என்றால் இடமில்லை. முன்னால் நின்றவர்கள் பாதிப்பேர் கல்லறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் நாலு தடவை எடுத்தும் திருப்தியில்லாமல் கணவரை இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார். தற்பிரியர் என்றால் இதுதான் என்று மனதுக்குள் எரிந்தேன். பின்னால் வந்த கூட்டம் நெருக்கியது. வேதாகமத்தின் உறையைத் திறப்பதற்குள் எங்களை நகர்த்திவிட்டார்கள். ஒரு வசனம்கூட வாசிக்கவில்லை. அம்மாவுக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

மகள்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். ஆலயத்துக்கு முன்னால் தூண்கள் சூழ்ந்த பெரிய முற்றம், பனைமரங்கள், நடுவே பட்டயத்தோடு நிற்கிற பவுலின் சிலை. "பவுல் இங்கேயும்தானே இருக்கிறார். நான் வாசிக்கிறேன், நீங்கள் உட்காருங்கள்" என்றாள். ஒரு தூணடியில் உட்கார்ந்தேன். அவள் ஜிப்பைத் திறந்தாள்.

83 வசனம் கொண்ட நிருபம். பாட்டியின் பெயர் வருகிற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது, சமாளித்துக்கொண்டாள். இரண்டாம் அதிகாரம் தாண்டியது. மூன்றாவதில் நாலைந்து சொல் வாசித்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்கே பாட்டி என்னமோ எழுதியிருக்கிறார்கள்."

பென்சிலில், ஓரத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்து. "வீம்புக்காரராயும்" என்பதற்குப் பக்கத்தில்: பேத்தி மார்க்கை எல்லாரிடமும் சொன்னேன். "அவதூறு செய்கிறவர்களாயும்" என்பதற்குப் பக்கத்தில்: பெண்கள் கூட்டத்தில், மன்னியும் ஆண்டவரே. "இணங்காதவர்களாயும்" அருகே: தங்கச்சி, 7 மாதம். அதை அடித்துவிட்டு, கீழே: பேசிவிட்டேன்.

"நன்றியறியாதவர்களாயும்" என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் இரட்டைக் கோடு. பக்கத்தில் "ரோமாபுரி". அதற்குக் கீழே வரிசையாக 2013, 2016, 2018, 2022.

மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? போகாதது நான். லீவு இல்லை என்றது நான். விடுமுறைக்குத் தனியாகப் போனது நான். அந்த நன்றிகேட்டைத் தன் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் தேவனிடம் மன்னிப்புக் கேட்டது அம்மா.

அந்தப் பகுதியை நான் எத்தனை தடவை எடுத்துப் பேசியிருக்கிறேன் தெரியுமா? வாலிபர் கூட்டத்தில், ஞாயிறு பள்ளியில், வீட்டு ஜெபத்தில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தாய்தகப்பனுக்குக் கீழ்ப்படிவதில்லை, போனுக்குள் கிடக்கிறார்கள், படமும் பாட்டும் கெட்டுவிட்டன, உலகம் கெட்டுவிட்டது என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உலகம் கெட்டுத்தான் இருக்கிறது. தன்னைக் காட்டிக்கொள்வதற்கு இன்று இருக்கிற வசதி நீரோவுக்குக்கூட இருந்ததில்லை. வாசித்துப் பார்க்காமலே ஒருவரைப் பற்றிய செய்தியை நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். "அவதூறு செய்கிறவர்" என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல் பிசாசுக்குச் சொல்லும் அதே சொல்தான். அதை நினைத்தால் விரல் கூசவேண்டும். வயதான தாயை வாரத்துக்கு ஒருதரம் போன் திரையில் பார்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று வைத்துவிடுகிறோமே, அதற்கு "சுபாவ அன்பில்லாதவர்" என்று அன்றே பெயர் வைத்துவிட்டார் பவுல்.

ஆனால் பத்தொன்பது குணத்தைச் சொல்லிவந்து அவர் எங்கே முடிக்கிறார்? "தேவபக்தியின் வேஷத்தைத் தரித்து அதின் பலனை மறுதலிக்கிறவர்களாயும்". வேஷம் போட ஆலயத்துக்கு உள்ளே இருக்கிறவனால்தான் முடியும். தினமும் காலையில் ஒரு வசனத்தைப் பூப்படத்தோடு எல்லாருக்கும் அனுப்புகிறேன், எத்தனை பேர் ஆமென் போட்டார்கள் என்று மத்தியானத்துக்குள் மூன்று தடவை பார்க்கிறேன். தற்பிரியர், பணப்பிரியர், சுகபோகப்பிரியர், அப்புறம் தேவப்பிரியர். தமிழில் எவ்வளவு அழகாக ஒரே "பிரியர்" வைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள்! நம்மிடம் இருப்பது ஒரே பிரியம், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் கேட்கிறார். அன்று ஒரே நாளில் மூன்று பேர்மேல் அந்தப் பட்டியலை எறிந்திருந்தேன். கயிறு கட்டியவர், படம் எடுத்த பெண், எங்களைக் கூட்டிவந்தவர். அம்மா 12 வருஷத்தில் ஒருதரம்கூட அதை இன்னொருவர்மேல் எறியவில்லை. அந்த ஓரம் முழுக்கத் தேடினேன், வேறு யார் குற்றமும் அதில் இல்லை.

நாற்பது நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. நிமிர்ந்தால் குழுவை நடத்துகிறவர் எதிரே நிற்கிறார். திட்டப்போகிறார் என்று வேதாகமத்தை மூடப்போனேன். மகள் கையிலிருந்த பக்கத்தையும் என் முகத்தையும் பார்த்தார். "முழுசாக முடித்துவிட்டு வாருங்கள் அக்கா. பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன், மற்றவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். ஆண்டவரே! காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் அக்கா" என்றார், அவ்வளவுதான்.

என்ன சொல்லி ஸ்தோத்திரிப்பேன்? கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் அளவு கையோடு கிடந்த பிள்ளை, பவுலின் ஆலய முற்றத்தில் நின்று, "சிறுவயதுமுதல் அறிந்தவனென்றும்" என்று கணீர் என்று வாசிக்கிறாள். நடந்துபோன சிலர் பாஷை தெரியாமலே நின்று கேட்டார்கள். ஓர் அயல்நாட்டுப் பாட்டி கடைசி வரை நின்றார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கர்த்தர் எனக்கு இப்படியெல்லாம் செய்ய நான் எம்மாத்திரம்? நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்ற இடம் வந்தபோது பவுல் என் நினைவில் இல்லை, அம்மாதான் இருந்தார்கள்.

நாலாம் அதிகாரத்தின் கடைசியில், "மாரிகாலத்துக்குமுன் நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு" என்று வருகிறது. தீமோத்தேயு வந்துசேர்ந்தானா என்று வேதம் சொல்லவில்லை. மகள் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். 83ஆம் வசனம் முடிந்து ஆமென் சொன்னதும், "பென்சில் இருக்கிறதா?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை. பஸ்ஸில் ஏறியதும் குழுவை நடத்துகிறவரின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். மூன்றாம் அதிகாரத்தைத் திருப்பி, 2022க்குக் கீழே, பாட்டியின் எழுத்தைவிடச் சின்னதாக எழுதினாள்: 2025 அக்டோபர். வந்துவிட்டோம் பாட்டி.