ஊகி, அள, எழுது: வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் பிள்ளையை அடுப்படிக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். மாவு பிசைகிறது, கீரை விதைக்கிறது, கடைக்குப் போகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பிள்ளைக்குச் சப்பாத்தி தேய்க்க வந்திருக்கும், பின்னம் வந்திருக்காது. கை வேலை செய்தாலே அதற்குள் இருக்கிற பாடம் தானாக மண்டைக்குள் ஏறிவிடும் என்று நம்புவதால் வருகிற ஏமாற்றம் இது. வேலைக்கும் பாடத்துக்கும் நடுவே ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

கட்டம் போட்ட நூறு பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு நான்கு பத்தி: எதை அளக்கப் போகிறோம், என் ஊகம், அளந்தது, வித்தியாசம். அடியில் ஒரு வரி: ஏன் இந்த வித்தியாசம்? ஊகத்தைப் பேனாவில்தான் எழுத வேண்டும், அதுவும் அளப்பதற்கு முன்பே. பென்சிலைக் கொடுத்தால் விடை தெரிந்ததும் ஊகத்தை அழித்துத் திருத்திவிடுவார்கள். ஊகம் தப்பாக இருப்பது குற்றம் என்று அதற்குள் எங்கோ கற்றுக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் தங்கள் ஊகத்தை முதலில் சொல்லவே கூடாது. சொன்னால் பிள்ளை அதையே பத்துக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு, தையல்காரர் டேப், 200 மில்லி டம்ளர், மில்லி குறித்த அளவுக் குவளை. பரணில் பாட்டியின் ஆழாக்கும் உழக்கும் இருந்தால் இறக்கி வையுங்கள், அவற்றுக்கும் வேலை இருக்கிறது.

முதல் வாரத்துக்கு டம்ளரே போதும். 200 மில்லி தண்ணீரைத் தராசில் வைத்தால் 200 கிராம் காட்டும். அதே டம்ளரில் தலைதட்டி அரிசி எடுத்தால் எத்தனை கிராம்? பெரும்பாலான பிள்ளைகள் 200க்கு மேல் எழுதுவார்கள், அரிசி கெட்டியான பொருளாயிற்றே என்று. தராசு காட்டுவது சுமார் 160. கோதுமை மாவு இன்னும் குறைவு, தளர்வாக அள்ளினால் 105ஐ ஒட்டி வரும், அழுத்தி நிரப்பினால் 130 வரை போகும். மாவில்தான் ஒவ்வொரு முறையும் எண் மாறி வரும். பிள்ளை தான் தப்பாக அளந்துவிட்டதாக நினைக்கும். ஐந்து முறை அளந்து ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். சமையல் குறிப்பில் ‘ஒரு கப் மாவு’ என்று பார்த்துச் செய்தது ஒரு நாள் நன்றாக வந்து மறுநாள் ஏன் கெட்டியாகிறது என்பதற்கான காரணம் அந்த ஐந்து எண்ணிலேயே இருக்கிறது.

அரிசி ஏன் தண்ணீரைவிட இலேசாகக் காட்டியது? அரிசி நிறைந்த டம்ளரில், அளவுக் குவளையிலிருந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். நிறைந்திருக்கிற டம்ளரில் இன்னும் 80, 90 மில்லி போகும். டம்ளரில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெறும் காற்று. தண்ணீரைச் சட்டென்று ஊற்ற வேண்டும். மெல்ல ஊற்றினால் அரிசி உறிஞ்சத் தொடங்கி அளவு கூடிவிடும். இதைச் செய்த பிள்ளைக்கு அடர்த்தி என்ற சொல்லைப் பிறகு சொல்லிக்கொடுப்பது ஐந்து நிமிட வேலை.

பின்னத்துக்கு ஆழாக்கும் உழக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. மணலையோ அரிசியையோ ஊற்றி ஊற்றி இதைக் கையாலேயே கண்டுபிடிக்க விடுங்கள். நம் பழைய பின்னப் பெயர்களில் கணக்கே ஒளிந்திருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று, சொல்லே பெருக்கிக் காட்டிவிடுகிறது. மாகாணி இன்னும் அழகு. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பகுதி எண்கள் வேறுவேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல முதல் கணக்கு எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே பாட்டி வீட்டுப் படியும் உங்கள் படியும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் மில்லியில் அளந்து எழுதுங்கள், அதுவும் ஒரு பாடம்தான்.

அடுத்து இட்லி மாவு. ஒன்பது, பத்து வயதுக்கு இதைவிட நிறைவான பரிசோதனை வீட்டில் கிடைக்காது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற வழக்கமான கணக்கு. எல்லோரும் சறுக்குவது நேரத்தில். மாலையில் அரைத்தால் மாவு பொங்குவது நடு இரவில், பிள்ளை தூங்கிவிடும், காலையில் முடிவை மட்டும்தான் பார்க்கும். உளுந்தையும் அரிசியையும் இரவே ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு விடிகாலையில் அரையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி போக மாவை அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு, பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள கண்ணாடி பாட்டில் நான்கு வேண்டும். கழுத்து குறுகிய பாட்டில் ஆகாது, மாவு கழுத்துக்கு வந்ததும் உயரம் திடீரென்று எகிறி வரைபடத்தைக் கெடுத்துவிடும். வெளியே சென்டிமீட்டர் குறித்த காகிதப் பட்டை ஒட்டுங்கள். கிரைண்டரிலிருந்து வழிக்கும்போதே உளுந்து மாவில் கொஞ்சம், அரிசி மாவில் கொஞ்சம் தனியே எடுத்துவிடுங்கள். முதல் பாட்டிலில் உளுந்து மட்டும், இரண்டாவதில் அரிசி மட்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் உப்புப் போட்டுக் கலந்த மாவு. நான்காவது ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், மற்றவை மேடையில் இருக்கட்டும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. மூடியை மேலே சும்மா வையுங்கள், இறுக்கித் திருகினால் உள்ளே வாயு அழுத்தம் ஏறும்.

மணிக்கு ஒரு முறை உயரம், அறையின் வெப்பம், முகர்ந்தால் என்ன வாசனை என்று மூன்றையும் எழுத வேண்டும். முதல் மூன்று நான்கு மணி நேரம் ஒன்றும் நடக்காது. இங்கேதான் பிள்ளைகள் அலுத்துப்போய் எழுதுவதை விட்டுவிடுவார்கள். ‘மாற்றமில்லை’ என்பதும் ஓர் அளவுதான் என்று சொல்லி எழுத வையுங்கள், வரைபடத்தில் அந்தத் தட்டைக் கோடு இல்லாவிட்டால் பிறகு வரும் ஏற்றத்துக்குப் பொருளே இல்லை. வெப்பம் 30 டிகிரி இருந்தால் எட்டுப் பத்து மணி நேரத்தில் கலந்த மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் உட்காரத் தொடங்கும். கோடு கீழே இறங்குவதைப் பார்த்துப் பிள்ளை தப்பாக அளந்துவிட்டோமோ என்று பயப்படும், தப்பில்லை.

அரிசி மட்டும் உள்ள பாட்டில்தான் உண்மையான ஆசிரியர். அது புளித்த வாடை அடித்தாலும் சரியாகப் பொங்காது. பொங்க வைப்பது உளுந்திலேயே இயல்பாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள். அவை சர்க்கரைப் பொருளைத் தின்று அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகின்றன. அந்த வாயுவைப் பிடித்து வைக்க உளுந்தின் கொழகொழப்பு வேண்டும், அரிசிக்கு அது கிடையாது. இந்த விளக்கத்தைப் பிள்ளையின் ஊகம் எழுதப்பட்ட பிறகு சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள். ஒரு சிறு சேர்க்கை: அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் கிரைண்டர் போதுமான காற்றை உள்ளே அடித்திருக்கிறது என்று பொருள். டம்ளர் அரிசியில் பார்த்த அதே காற்றுதான் இங்கேயும் வருகிறது.

வெயில் உள்ள நாளில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். ஒரு மீட்டர் கம்பை மண் நிரப்பிய வாளியில் செங்குத்தாக நட்டு, நூல் கட்டிய கல்லைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உச்சி. எல்லோரும் அதை 12 மணி என்றே ஊகிப்பார்கள். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கானது. சூரியன் ஒரு பாகை கடக்க 4 நிமிடம் ஆகிறது. நம் ஊர்கள் அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால் சென்னையில் உச்சி சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கும் கோயம்புத்தூரில் 12 மணி 22 நிமிடத்துக்கும் வரும். பருவத்தைப் பொறுத்து இது கால் மணி வரை முன்பின் ஆகும், பிப்ரவரியில் தாமதம், நவம்பர் தொடக்கத்தில் சீக்கிரம்.

உச்சி நேரத்தை மட்டும் பார்த்துத் திசை குறிக்க முயன்றால் தோற்பீர்கள். அந்த நேரத்தில் நிழலின் நீளம் மிக மெதுவாக மாறும், நுனியும் மங்கலாக இருக்கும். அதற்குப் பதில் கம்பைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். வாளியை நடுவில் யாரும் நகர்த்திவிடக் கூடாது. துணி காயப்போட வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இதை ஒரு நாளோடு நிறுத்தாமல் மாதம் ஒரு முறை ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னையில் ஒரு மீட்டர் கம்பின் உச்சி நிழல் டிசம்பர் 22ஐ ஒட்டி 74 செ.மீ. இருக்கும், மார்ச் 20ஐ ஒட்டி 23 செ.மீ., ஏப்ரல் 24ஐ ஒட்டி நிழலே இராது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை உச்சி நிழல் தெற்கே விழும். ‘நிழல் எப்போதும் வடக்கே விழும்’ என்று நோட்டில் எழுதி வைத்த பிள்ளை மே மாதம் அதைத் தானே அடிக்க வேண்டிவரும். கன்னியாகுமரிக்காரர்களுக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 10ஐ ஒட்டியே வந்துவிடும். வேறு ஊரில் உள்ள உறவினர் பிள்ளையோடு ஒரே நாளில் அளந்து ஒப்பிட்டால் பூமியின் வளைவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

பதினொரு வயதுக்கு மேல் ஈபி மீட்டருக்கு வாருங்கள். பார்ப்பது மட்டும்தான், பெட்டியைத் தொடக் கூடாது. மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும், எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பதும் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியைப் போட்டுப் பத்துச் சிமிட்டலுக்கு நேரம் பாருங்கள். 150 விநாடி ஆனால் விசிறி இழுப்பது 75 வாட். 10ஐ 3200ஆல் வகுத்து, ஒரு யூனிட் 1000 வாட்-மணி என்பதால் 1000ஆல் பெருக்கி, ஒரு மணிக்கு 3600 விநாடி என்பதை வைத்து இந்த விடைக்குப் பிள்ளை தானே வர வேண்டும். முதல் தடவை விடை எக்கச்சக்கமாக வரும், காரணம் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ். நடுவில் அதன் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியிருக்கும். அதனால் எல்லாம் அணைந்த நிலையில் விளக்கு சிமிட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். சிமிட்டினால் இன்வெர்ட்டரோ செட்டாப் பாக்ஸோ எங்கோ இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதே அன்றைய பாடம் ஆகட்டும்.

கோலம் பற்றிச் சுருக்கமாக. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25, ஐந்தின் வர்க்கம். ‘இப்படி வைத்தால் எப்போதும் வர்க்க எண்தான் வரும்’ என்று பிள்ளை எழுதும். தடுக்காதீர்கள். அடுத்து 9 வரை வைக்கச் சொல்லுங்கள், 41 வரும், அது வர்க்க எண் அல்ல. 25 உண்மையில் நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது, 41 ஐந்தின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தது. ஒரே ஓர் உதாரணத்தை வைத்து விதி எழுதக் கூடாது என்பதை வாசற்படியிலேயே கற்கலாம்.

மொழிக்கு: தேநீர் போடுவது எப்படி என்று பிள்ளை எழுதட்டும். அடுப்பைப் பற்றவைக்காமல், எழுதியதை எழுதியபடியே நீங்கள் செய்து காட்டுங்கள். ‘தேயிலை போடவும்’ என்றிருந்தால் பொட்டலத்தோடு போடுங்கள். மூன்றாவது திருத்தத்துக்குள் வினைச்சொற்கள் கூர்மையாகிவிடும்.

இவை எதுவும் நெடுவகுத்தலையும் புணர்ச்சி விதியையும் பயிற்சி இல்லாமல் தந்துவிடாது. நாளுக்கு அரை மணி நேரமாவது பாடநூலோடு உட்கார வேண்டும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வுக்கு, தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேர 14 வயது நிரம்ப வேண்டும். ஒரு முறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். பதினான்கு வயதுக்குக் காத்திராமல் இப்போதே பார்க்க வேண்டியது ஆவணங்களை. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒற்றை எழுத்தாகவும் ஆதாரில் அப்பாவின் முழுப் பெயராகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். இரண்டையும் எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மாறியிருந்தால் பிள்ளை சிறியதாக இருக்கும்போதே திருத்தி வாங்கிவிடுங்கள்.